புல் காய்வது ஆவணியில்... வைத்தியம் வைகாசியில்!

நெய்வேலியில் புல்தரைப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பார்த்துக்கொள்வது அரை ஏக்கர் புல்தரை. மாலையில் பிள்ளைகள் விளையாடும் இடம். மூன்று வருஷமாக ஆவணி பிறந்ததும் புல் திட்டுத்திட்டாக மஞ்சளாகிப் புரட்டாசிக்குள் காய்ந்துவிடுகிறது. முதல் வருஷம், தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சினார். இரண்டாம் வருஷம் யூரியா போட்டார். போன வருஷம் கடையில் கொடுத்த குருணை மருந்தைத் தூவினார். புல் பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மைனாக்கள் செத்துக் கிடந்தன. அன்றிலிருந்து பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. புல் காய்ந்ததற்காக அவருடைய பில்லிலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டுவிட்டது.

"இந்த வருஷமும் இப்படி ஆனால் வேலை கைவிட்டுப் போய்விடும். ஆவணிக்கு எந்த மருந்தை வாங்கி வைக்கட்டும், ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆவணிக்கு மருந்து வாங்கி வைக்கவே வேண்டாம். ஆவணியில் எதைப் போட்டாலும் பெரும்பாலும் காசுக்குத்தான் நட்டம். மூன்று வருஷமும் அவர் தவறவிட்டது மருந்தை அல்ல, மாதத்தை.

காய்ந்த புல்லுக்குக் கீழே யார்?

கடிதத்தோடு அவர் அனுப்பிய படத்தில், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு இருக்கிறது. தலை செம்பழுப்பு, மூன்று ஜோடிக் கால்கள், பின்பகுதி பருத்துச் சாம்பல் நிறம். நிலக்கடலை விவசாயிகளும் கரும்பு விவசாயிகளும் நன்றாக அறிந்த வேர்ப்புழுதான் இது. புல் தண்ணீரில்லாமல் காயவில்லை. தண்ணீரை உறிஞ்ச அதற்கு வேரே இல்லை. காய்ந்த திட்டைக் கையால் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவது போல உரிந்து வரும். வறட்சியால் காய்ந்த புல் அப்படி வராது. நோயா, வறட்சியா, புழுவா என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

வேர்ப்புழு பல வகை வண்டுகளின் குஞ்சு. தமிழகத்தின் செம்மண் நிலங்களில் பரவலாகக் காணப்படுவது ஹோலோடிரைக்கியா செர்ரேட்டா என்ற பழுப்பு வண்டின் புழு. வருஷத்துக்கு ஒரே தலைமுறை. கோடை மழை பெய்து மண் நனைந்ததும், பல மாதமாக மண்ணுக்குள் உறங்கிய வண்டுகள் பொழுது சாய்ந்த பிறகு வெளியே வருகின்றன. வேம்பு, முருங்கை, இலந்தை, கருவேல் போன்ற மரங்களில் கூடி இலை தின்று, இணை சேர்ந்து, விடியும் முன் மண்ணுக்குள் போய்விடுகின்றன. ஈர மண்ணில் சில அங்குல ஆழத்தில் முட்டையிடுகின்றன. இரண்டு வாரத்துக்குள் முட்டை பொரிகிறது. பொரித்த புழு அரிசி அளவுதான். முதலில் மக்கையும் மெல்லிய சல்லிவேரையும் தின்னும். இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தில் ஒன்றரை அங்குலம் வரை பருத்துப் பெருந்தீனி தின்னும். அந்தப் பெருந்தீனிக் காலம்தான் ஆவணியும் புரட்டாசியும். பிறகு ஆழத்துக்கு இறங்கிக் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடை மழைக்குக் காத்திருக்கும்.

அரிசி அளவுப் புழு தரைக்குக் கொஞ்சம் கீழே, மென்மையான தோலோடு இருக்கிறது. அது எளிதில் சாகும். விரல் பருமன் புழு தடித்த தோலோடு இருக்கிறது. மண் காய்ந்தால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. மேலே தூவும் மருந்து அதை எட்டுவதில்லை. தூவியதைப் பொறுக்கியும், புழுவைக் கொத்தியும் தின்ன வரும் மைனாவைத்தான் எட்டுகிறது.

புல்தரைக்கு ஏர் கிடையாது

வயலில் காலம் தவறினாலும் ஒரு மறுவாய்ப்பு உண்டு. கோடை மழைக்குப் பின் ஆழ உழுதால் புழுவும் வண்டும் மேலே வந்து விழும். கொக்கும் காக்கையும் மைனாவும் பின்னாலேயே வந்து பொறுக்கிவிடும். பயிரை மாற்றலாம், நிலத்தை ஒரு பருவம் சும்மா போடலாம். புல்தரையை உழ முடியாது, பயிர் மாற்ற முடியாது, தரிசாகவும் விட முடியாது. வருஷம் முழுவதும் ஒரே பயிர், ஒரே வேர். அதனால் புல்தரைக்காரருக்கு மாதக் கணக்கைத் தவிர வேறு துணை இல்லை.

உலகில் இந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துப் படித்தவர்கள் கோல்ஃப் மைதானக்காரர்கள். சென்னையில் நந்தனத்தில் கோல்ஃப் மைதானம் உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் நூறாண்டு கடந்த மைதானங்கள் இருக்கின்றன. பதினெட்டுக் குழி மைதானம் என்றால் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஒரே புல்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1916-இல் ஜப்பானிய வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுவும் நம் வேர்ப்புழுவின் உறவுதான். கோல்ஃப் புல்லை அது நாசம் செய்தது. 1929-இல் அதே மாநிலத்தின் கோல்ஃப் மைதானம் ஒன்றில் நோயுற்றுக் கிடந்த புழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றைக் கொல்லும் நுண்ணிய நூற்புழு கிடைத்தது. பூச்சியைக் கொல்ல நூற்புழுவைப் பயன்படுத்தும் முறைக்கு அது தொடக்கங்களில் ஒன்று.

பிறகு ரசாயனம் மலிந்தது. எல்லாரும் அதன் பக்கம் போனார்கள். 1984-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேர்ப்புழுவுக்காக டயசினான் அடித்தார்கள். அங்கே புல் மேய இறங்கிய நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து கோல்ஃப் புல்லில் அந்த மருந்துக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது. நெய்வேலி வாசகர் பார்த்த இரண்டு மைனாவும் சொல்லும் செய்தி அதுதான்.

நூற்புழு நம் பக்கமும் உண்டு. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் கோவைக் கரும்புத் தோட்டத்துக் குருத்துப்புழுவிலிருந்து எடுக்கப்பட்டு 1992-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் இனம். பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள மையம் இதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் தூளாக்கி, தனியார் நிறுவனங்கள் தயாரித்து விற்க உரிமம் கொடுத்திருக்கிறது.

வெளிநாட்டுப் புல்தரைப் புத்தகங்களின் மாதக் கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வண்டை எழுப்புவது மண் சூடேறுவது. இங்கே எழுப்புவது மழை. கோடை மழை சித்திரையில் வந்தால் கணக்கு சித்திரையில் தொடங்கும். தள்ளிப்போனால் கணக்கும் தள்ளிப்போகும்.

நெய்வேலிக்கு மாதக் கணக்கு

*சித்திரை – வைகாசி முற்பகுதி: வண்டு.* மண் நன்றாக நனையும்படி முதல் கோடை மழை பெய்த மூன்றாம், நான்காம் நாளிலிருந்து மாலை ஏழு மணிக்குப் புல்தரையை ஒட்டிய வேப்பமரத்தடியில் டார்ச்சோடு நிற்க வேண்டும். வண்டு இருந்தால் இலை கொறிபடும் சத்தமே கேட்கும். கீழே பழைய போர்வையோ தார்ப்பாயோ விரித்து, நீண்ட கழியால் கிளையை உலுக்கினால் முக்கால் அங்குலப் பழுப்பு வண்டுகள் கொட்டும். மண்ணெண்ணெய் சிறிது கலந்த தண்ணீரில் அவற்றைப் போட்டுவிடலாம். தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் இதைச் செய்ய வேண்டும். முட்டையிடும் முன் பிடிக்கும் ஒவ்வொரு பெண் வண்டும் பல புழுக்களைக் குறைத்துவிடுகிறது. விளக்குப் பொறியும் வைக்கலாம். ஏழிலிருந்து ஒன்பது மணி வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து சாகும்.

வண்டுக்குப் பயந்து வேப்பமரத்தை வெட்டக் கேட்பவர்களும் உண்டு. அது தவறு. எங்கோ பறந்து திரியும் வண்டை ஓரிடத்தில் கூட்டித் தருவது அந்த மரம்தான்.

இன்னொன்று, சுற்றிலும் மண் காய்ந்திருக்கும் கோடையில் மாலையில் நனைத்த புல்தரைதான் வண்டுக்குக் கிடைக்கும் ஈர மண். அது அங்கேதான் இறங்கும். வண்டு பறக்கும் அந்த நாட்களில் மாலைப் பாசனத்தை நிறுத்திக் காலையில் மட்டும், இடைவெளி விட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

*வைகாசி பிற்பகுதி – ஆனி: இளம்புழு. இதுதான் வைத்தியக் காலம்.* வண்டு கூட்டமாகத் தெரிந்த நாளிலிருந்து மூன்று, நான்கு வாரம் கழித்து மண்ணில் இளம்புழு இருக்கும். புல் அப்போது பச்சையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மெட்டாரைசியம் பூஞ்சாணத் தூளை ஏக்கருக்கு 2 கிலோ என்ற கணக்கில் 100 கிலோ நன்கு மக்கிய, சலித்த தொழுவுரத்தோடு கலக்க வேண்டும். அரை ஏக்கருக்கு இதில் பாதி. லேசாக ஈரம் காட்டி, நிழலில் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் வைத்தால் பூஞ்சாணம் உரத்தில் பெருகும். புல்லைக் கட்டையாக வெட்டி, கூரிய இரும்பு முள்ளால் நாலு விரற்கடை ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, மாலை நேரத்தில் இந்த உரத்தைத் தூவித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளி நீர் விட வேண்டும். வேரடிக்குப் போகாத பூஞ்சாணம் வெயிலில் செத்துவிடும். பூஞ்சாணக்கொல்லி மருந்து எதையும் முன்னும் பின்னும் இரண்டு வாரம் புல்லில் அடிக்கக் கூடாது.

நூற்புழு கிடைத்தால் ஏக்கருக்கு 100 கோடி என்பது புல்தரைக்கு வழக்கமான அளவு. கிடைக்கும் தயாரிப்புக்கு ஏற்ப எடை மாறும். உறையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் தரையை நனைத்து, பொழுது சாயும் நேரத்தில் பூவாளியால் ஊற்றி, மீண்டும் நீர் விட்டு, இரண்டு வாரம் ஈரம் காக்க வேண்டும். வாங்கும்போது தேதியைப் பார்ப்பது முக்கியம். நூற்புழு உயிருள்ள பொருள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் தூள்தான் மிச்சம் இருக்கும்.

*ஆடி: எண்ணிப் பார்க்கும் காலம்.* ஓரடி சதுரத்துக்கு மூன்று பக்கம் வெட்டி, புல்லை மடித்துத் திருப்பி, நாலு அங்குல மண்ணைக் கிளறி, புழுவை எண்ண வேண்டும். பிறகு புல்லை மூடி மிதித்துத் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும். அரை ஏக்கரில் பத்து இடமாவது பார்க்க வேண்டும். மரத்தடியை ஒட்டிய இடங்களை விடக் கூடாது. நன்கு நீர் பாயும் புல்தரை சதுர அடிக்கு ஐந்து புழு வரை வெளியே தெரியாமல் தாங்கிவிடும். அதற்கு மேல் இருக்கும் இடத்தில் மட்டும் நூற்புழுவை இன்னொரு முறை ஊற்றலாம்.

*ஆவணி – புரட்டாசி: காக்கும் காலம்.* இப்போது கொல்வதைவிடப் புல்லைப் பிழைக்க வைப்பதே வேலை. வெட்டும் உயரத்தைக் கூட்ட வேண்டும். இலை அதிகம் இருந்தால் வேர் மீளும். குறைந்த வேருக்குக் குறைந்த அளவில் அடிக்கடி நீர் வேண்டும். யூரியா வேண்டாம், இல்லாத வேரை அது இன்னும் வாட்டும். முழுதாக உரிந்த திட்டுகளைச் சுருட்டி எடுத்து, கீழே உள்ள புழுவைக் கையால் பொறுக்கலாம். இரண்டு நாள் திறந்து போட்டால் மைனாவும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு புதுப் புல் பதிக்கலாம்.

*ஐப்பசி – கார்த்திகை: வேறு எதிரி.* வடகிழக்குப் பருவமழையில் வேர்ப்புழு ஆழத்தில் இருக்கும். அப்போது புல்லை மேலிருந்து மேய்வது படைப்புழு. வெளிநாட்டில் 'புல்தரைப் படைப்புழு' என்று சொல்லும் பூச்சியும், நம் சம்பா நாற்றங்காலை ஒரே இரவில் மொட்டையடிக்கும் பூச்சியும் ஒன்றே. நாற்றங்காலில் தண்ணீர் கட்டி வாத்து விடுவார்கள். புல்தரையில் அது முடியாது. கொக்கும் மைனாவும் திடீரென்று கூட்டமாக இறங்கினால் சோதிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிஷத்தில் படைப்புழு மேலே வந்துவிடும். தரையில் எலி வளை போல மண் மேடு கட்டியிருந்தால் அது பிள்ளைப்பூச்சி. அதுவும் இதே சோப்புத் தண்ணீருக்கு வெளியே வரும். வேர்ப்புழு மட்டும் வராது. படைப்புழு அரை அங்குலத்துக்குள் இருக்கும்போது மாலையில் வேப்பங்கொட்டைச் சாறோ பிடி பாக்டீரியா மருந்தோ தெளித்தால் கட்டுப்படும். வளர்ந்த புழுவுக்கு இரண்டும் பலன் தராது. இங்கேயும் அதே பாடம்தான்.

*மார்கழி – பங்குனி: மராமத்து.* வண்டு உறங்கும் காலம். அடியில் மெத்தைபோல் சேர்ந்த காய்ந்த புல்லை வாரி எடுப்பது, துளையிடுவது, மக்கிய உரம் சலித்துப் போடுவது, மெட்டாரைசியத்துக்குச் சொல்லி வைப்பது ஆகியவற்றை இப்போது முடிக்க வேண்டும்.

குருணையைப் பற்றி ஒரு வார்த்தை

என்ன குருணை என்று கடிதத்தில் பெயர் இல்லை. வேர்ப்புழுவுக்கு நெடுங்காலம் தூவப்பட்ட போரேட் குருணையின் விற்பனையும் பயன்பாடும், 2018-இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி 31.12.2020-க்குப் பிறகு தடை செய்யப்பட்டுவிட்டன. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது. இந்தியாவில் பூச்சிமருந்துக்குப் பதிவு தருவது பயிர்வாரியாக. நிலக்கடலைக்கு எழுதியதைப் பிள்ளைகள் உருண்டு விளையாடும் புல்லுக்குத் தூவ அந்தப் பதிவு இடம் கொடுக்காது. எதை வாங்கினாலும் ரசீதும் உறையும் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்கு இதில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. புல் பச்சையாக இருக்கும் வைகாசியில் செலவுக்குப் பணம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். காய்ந்த பிறகு கேட்டால் உடனே தருவார்கள். அதற்கு வழி, சாட்சி வைப்பதுதான். சித்திரையில் மரத்தடியில் விழுந்த வண்டைத் தேதி போட்டுப் புட்டியில் எடுத்துப் போய்க் காட்டலாம். ஆனியில் ஓரடி சதுரம் வெட்டி, பச்சைப் புல்லுக்குக் கீழே இருக்கும் அரிசிப் புழுவைப் பணம் தருபவர் கண்ணாலேயே பார்க்க வைக்கலாம். அடுத்த ஒப்பந்தத்தில் இந்த மாதக் கணக்கையே வேலைப் பட்டியலாக எழுதிக் கேட்கலாம்.

இதை ஒட்டி வந்த மற்ற கேள்விகள்

*நகரியத்து மரங்களிலிருந்து வண்டு வந்து எங்கள் நிலக்கடலையைக் கெடுக்குமா? — குறிஞ்சிப்பாடி பக்கத்து விவசாயி.*

வண்டு கூடும் மரத்தை ஒட்டிய நிலத்தில்தான் சேதம் அதிகம் தெரியும். ஆகவே முதலில் உங்கள் வரப்பு வேம்பையும் முருங்கையையும் பாருங்கள். ஒருவர் மட்டும் வண்டு பிடித்தால் பக்கத்து மரத்து வண்டு வந்துவிடும். நாலைந்து பேர் ஒரே வாரத்தில் சேர்ந்து உலுக்க வேண்டும். நிலக்கடலை, புல்லைப் போல் தாங்காது. சதுர மீட்டருக்கு ஒரு புழு தென்பட்டாலே விழித்துக்கொள்ள வேண்டும். கோடை உழவைத் தவறவிடாதீர்கள். விதை நேர்த்திக்கும் மற்ற ஆலோசனைக்கும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

*எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு இருக்கிறது. அந்த எருவைப் புல்லுக்குப் போடலாமா?*

அது பெரும்பாலும் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழு. மக்கும் பொருளைத் தின்னுமே தவிரப் புல் வேரைத் தின்னாது. ஆனால் அங்கே வளர்ந்த வண்டு உங்கள் தென்னங்குருத்துக்குப் போகும். எருவைக் கிளறிப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, குழியிலேயே மெட்டாரைசியம் கலந்து விடுங்கள். மக்காத எருவைப் புல்லுக்குப் போடவே வேண்டாம்.

*நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலைத் தூவினால் புழு சாகுமா?*

பழுப்பு நிலக்கரிச் சாம்பலைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்துவது பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அது இலையில் படிந்து, இலை தின்னும் பூச்சியைத் தடுக்கும் முறை. மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவுக்குப் பொருந்தாது. பிள்ளைகள் ஓடும் புல்லில் தூவினால் அந்தத் தூசி அவர்கள் மூச்சில்தான் போகும்.

இந்த இதழ் கைக்கு வரும் நேரம் பங்குனி. நெய்வேலி வாசகர் இப்போது வாங்க வேண்டியது மருந்து அல்ல. ஒரு டார்ச், ஒரு தார்ப்பாய், ஒரு நீளக் கழி. முதல் கோடை மழை பெய்த தேதியைச் சுவர் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தால், மற்ற எல்லாத் தேதியும் அதிலிருந்து வந்துவிடும்.